ஐந்து வருஷம் ஷெட்டில் நின்ற சான் ஸ்டார்ம்: புது பேட்டரி போட்டும் சார்ஜ் நிற்கவில்லை

விரிஞ்சிபுரம் மருமகன் · ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். என் தாய்மாமாவின் சான் ஸ்டார்ம் கார் எங்கள் கொல்லை ஷெட்டில் நிற்கிறது. இரண்டே சீட், துணிக்கூரை, ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் இன்ஜின். 2008-இல் பெங்களூரில் வாங்கி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டே ஊருக்கு வந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நிறுத்தியதுதான். அதற்குப் பிறகு மாமா மஸ்கட் போய்விட்டார், ஐந்து வருஷமாக யாரும் தொடவில்லை. இந்தப் பொங்கலுக்கு வருகிறார். வந்ததும் ஏலகிரிக்கு அந்த வண்டியில்தான் போக வேண்டும் என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறார்.

டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றி, ஃபில்டர், ப்ளக் மாற்றி, ஆயில் மாற்றிக் கிளப்பிவிட்டேன். இப்போது சார்ஜ்தான் பிரச்சினை. பழைய பேட்டரி 3 வோல்ட்டில் செத்துக் கிடந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக 35 ஆம்பியர் பேட்டரி வாங்கினேன். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடையில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள், மறுபடி மூன்று நாள். பட்டறையில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ போய்விட்டது, மாற்று என்கிறார்கள். இந்த வண்டிக்கு டைனமோ தேடி எங்கே போவது? மாற்றுவதற்கு முன்னால் நானே ஏதாவது பார்க்க முடியுமா? கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது.

ஆம்பூர் பைபாஸ் · ஞாயிறு, இரவு 9.48

மீட்டரே வேண்டாம் ப்ரோ. இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். இன்ஜின் நின்றுவிட்டால் டைனமோ காலி, ஓடிக்கொண்டே இருந்தால் டைனமோ நல்லது. எங்கள் அப்பா டிராக்டரில் இப்படித்தான் பார்ப்பார்.

காட்பாடி மீட்டர் · ஞாயிறு, இரவு 10.05

தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதே. ஓடுகிற இன்ஜினில் பேட்டரியைக் கழற்றவே கூடாது. ஆல்டர்னேட்டர் (நீங்கள் டைனமோ என்பது) தள்ளும் கரன்ட்டை வாங்கித் தாங்குவது பேட்டரிதான். திடீரென்று அது இல்லாமல் போனால், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்ட்டேஜ் 40-க்கு மேல் எகிறிவிடும். சில நூறு மில்லிசெகண்ட்தான், ஆனால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவும் போவதற்கு அது போதும். நீ கேட்பது பெட்ரோல் இன்ஜெக்ஷன் இன்ஜின். அதற்கு ஈசியூ தேடுவது டைனமோ தேடுவதைவிடக் கஷ்டம்.

வாலாஜா டிரைவர் · ஞாயிறு, இரவு 10.31

அக்கா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். என் வண்டியில் ஒரு மெக்கானிக் இதே வேலையைச் செய்தார். டெர்மினலைத் தூக்கிய நொடியில் மீட்டர் போர்டு விளக்கெல்லாம் பளீரென்று எரிந்து அணைந்தது. இன்ஜின் நின்றது. அதற்குப் பிறகு ஈசியூ உயிர் பெறவே இல்லை. இரண்டு மாதம் வண்டி பட்டறையில் கிடந்தது. ஆல்டர்னேட்டர் அதற்கு முன்பு நன்றாகத்தான் இருந்தது என்று கடைசியில் தெரிந்தபோது வயிறு எரிந்தது.

ராணிப்பேட்டை பழைய பட்டறை · திங்கள், காலை 6.15

ஆம்பூர் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையான டைனமோ இருந்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். அதில் டையோடு கிடையாது, வண்டியில் கம்ப்யூட்டரும் கிடையாது. இப்போது நாம் வாயால் டைனமோ என்று சொன்னாலும் உள்ளே இருப்பது ஆல்டர்னேட்டர். பெயர் மட்டும் பழையது.

மருமகனுக்கு ஒரு கேள்வி. இன்ஜின் கிளம்பாமல், சாவியை மட்டும் ஆன் செய்தால் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறதா?

ஆம்பூர் பைபாஸ் · திங்கள், காலை 8.02

புரிந்தது ஐயா, அக்கா. இத்தனை நாள் என் காரிலும் இதைச் செய்திருக்கிறேன். இனிமேல் மாட்டேன்.

விரிஞ்சிபுரம் மருமகன் · திங்கள், இரவு 8.40

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். சாவி போட்டால் ஆயில் விளக்கு எரிகிறது, பேட்டரி விளக்கு எரியவே இல்லை. ஓடும்போதும் எரியாததால் சார்ஜ் சரியாகத்தான் இருக்கிறது என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்பாடி மீட்டர் · திங்கள், இரவு 9.10

பாதி விடை அதில் இருக்கிறது. அந்த விளக்கு வெறும் எச்சரிக்கைக்காக வைத்தது இல்லை. அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர்களில், உள்ளே சுற்றும் ரோட்டருக்கு முதல் உசுப்பு கொடுப்பதே அந்த பல்பு வழியாக வரும் சின்னக் கரன்ட்தான். அது வந்தால் ரோட்டர் காந்தமாகும், ஆல்டர்னேட்டர் உற்பத்தியை ஆரம்பிக்கும், பிறகு தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். பல்பு ஃபியூஸ் ஆனாலோ வயர் அறுந்தாலோ அந்த முதல் தட்டு கிடையாது. ரோட்டர் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும். இன்ஜினை நன்றாக முறுக்கினால் அதை வைத்தே சில சமயம் கிளம்பிக்கொள்ளும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த மிச்சத்தையும் நம்ப முடியாது.

இந்தக் காரணத்துக்காகவே, இந்த மாதிரி வண்டிகளில் மீட்டர் போர்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதன் வழியாகப் போகும் கரன்ட் போதாது.

பேட்டரியை முதலில் வெளியே சார்ஜரில் முழுதாக ஏற்று. 35 ஆம்பியர் பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியரில் மெதுவாக, ஒரு ராத்திரி முழுக்க. காலியான பேட்டரியை நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டாதே, சூடேறிச் சாகும். ஏற்றியபின் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பார். 12.6 இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 10.5 பக்கம் வந்து நின்றால் ஆறு செல்லில் ஒன்று போயிருக்கிறது. அதற்குப் பிறகு பேட்டரியை மாட்டி, ஐடிலில் எவ்வளவு, 3000 ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று எழுது.

விரிஞ்சிபுரம் மருமகன் · புதன், இரவு 7.55

அக்கா, ராத்திரி முழுக்க ஏற்றி, மதியம் வரை விட்டு அளந்தேன்: 12.64. இன்ஜின் ஐடிலில் 12.3, அதுவும் மெல்ல இறங்குகிறது. 3000 வரை முறுக்கியதும் சட்டென்று 13.3-க்குத் தாவியது. ஐடிலுக்கு வந்த பிறகும் 13.2-இலேயே நின்றது. நிறுத்தி மறுபடி கிளப்பினால் பழையபடி 12.3.

ராணிப்பேட்டை பழைய பட்டறை · வியாழன், காலை 6.05

அப்படியானால் உன் ஆல்டர்னேட்டர் உயிரோடுதான் இருக்கிறது. மாற்றாதே.

ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒரு பெரிய போல்ட்டில் தடித்த வயர், பக்கத்தில் மெல்லிய வயர் ஒன்று இருக்கும். இன்ஜினை நிறுத்தி, அந்த மெல்லிய வயரை மட்டும் கழற்று. தடித்த வயர் பக்கம் ஸ்பானரைக் கொண்டுபோகாதே, அது பேட்டரியோடு நேரடித் தொடர்பு. சாவி ஆன் செய்து, மெல்லிய வயரின் நுனியை இன்ஜின் இரும்பில் தொடு. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் பல்பும் வயரும் நல்லது, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள். ரோட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் சிக்கியிருக்கும், அல்லது அது உரசும் ரிங்கில் துரு படிந்திருக்கும். எரியாவிட்டால் கோளாறு வெளியே, பல்பிலோ வயரிலோ.

விரிஞ்சிபுரம் மருமகன் · வெள்ளி, இரவு 9.30

எரியவில்லை ஐயா. பல்பைக் கழற்றிப் பார்த்தேன், நல்லது. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். இன்ஜினுக்கும் தீச்சுவருக்கும் (இன்ஜினையும் உள்ளறையையும் பிரிக்கும் தடுப்பு) நடுவில் ஒரு மூலையில் தேங்காய் நாரும் துணிக்கந்தலும் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தது. கூட்டைத் தூக்கியதும் வயர் இரண்டு துண்டாகக் கையில் வந்துவிட்டது. பல்லால் நறுக்கிய இடத்தில் செம்பு ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

வெட்டி, சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு ஒட்டினேன். இப்போது சாவி போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, கிளம்பியதும் அணைகிறது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் முழுதாகத் தீரவில்லை. ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டால் பேட்டரியில் 13.1-தான் காட்டுகிறது. செல்ஃபும் சோம்பலாகத்தான் சுற்றுகிறது.

ஆம்பூர் பைபாஸ் · வெள்ளி, இரவு 9.52

ரெகுலேட்டர் வீக்காக இருக்குமோ? அதை மட்டும் தனியாக மாற்றலாம், ஆல்டர்னேட்டர் முழுதாக மாற்ற வேண்டியதில்லை.

காட்பாடி மீட்டர் · வெள்ளி, இரவு 10.20

இருக்கலாம். ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், மூன்று இடத்தில் அளந்துவிடலாம். ஹெட்லைட், ப்ளோயர் இரண்டும் ஓடட்டும், இன்ஜின் 2000-இல் நிற்கட்டும்.

ஒன்று, ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில் சிவப்பு முனை, அதன் உடம்பிலேயே கறுப்பு முனை. அது உண்மையில் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று தெரியும். இரண்டு, அந்தப் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவில். மூன்று, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில். இரண்டாவதும் மூன்றாவதும் வழியில் தொலையும் வோல்ட்டேஜ். 0.2-க்குள் இருந்தால் கவலை இல்லை. முதல் அளவில் 14-க்கு மேல் வந்தால் ரெகுலேட்டர் நிரபராதி.

அப்படியே மீட்டரை ஏசியில் வைத்து பேட்டரி முனைகளில் ஒருமுறை பார். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் டையோடு போயிருக்கிறது என்று அர்த்தம்.

விரிஞ்சிபுரம் மருமகன் · சனி, பகல் 12.15

அளந்துவிட்டேன் அக்கா. ஆல்டர்னேட்டரிலேயே 14.3. பாசிட்டிவ் வழியில் 0.15. எர்த் வழியில் (ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு) 1.05! ஏசி 0.03-தான்.

ஆனால் ஒன்று குழப்புகிறது. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் வயரை மீட்டரின் பீப் வைத்துப் பார்த்தேன், பீப் அடிக்கிறது. வெளியே பார்த்தாலும் கறுப்பு உறை புதிது மாதிரி இருக்கிறது. வயர் நல்லதுதானே?

ராணிப்பேட்டை பழைய பட்டறை · சனி, பகல் 2.40

பீப்பை நம்பாதே தம்பி. நூறு இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். அந்த ஒற்றை இழையால் மீட்டருக்குப் பதில் சொல்ல முடியும், செல்ஃப் மோட்டாருக்குச் சோறு போட முடியாது. கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் வயரின் யோக்கியதை தெரியும். நீ அளந்துவிட்டாய், அந்த 1.05-தான் பதில்.

மூன்று விஷயம் கேட்கிறேன். செல்ஃப் பலமுறை அடித்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளையோ கிளட்ச் கேபிளையோ தொட்டுப் பார்த்திருக்கிறாயா, சூடாக இருந்ததா? வண்டி நின்ற ஷெட்டுக்குள் எப்போதாவது தண்ணீர் வந்ததா? எர்த் வயர் சேஸிஸில் எவ்வளவு தாழ்வாக மாட்டியிருக்கிறது?

விரிஞ்சிபுரம் மருமகன் · சனி, மாலை 5.10

ஐயா, படித்ததும் உடம்பு சிலிர்த்தது. ஆக்சிலரேட்டர் கேபிள் போன வாரத்திலிருந்து இறுக்கமாக இருக்கிறது, கிரீஸ் காய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது நாலு தடவை செல்ஃப் அடித்துவிட்டுத் தொட்டேன், காய்ச்சல் வந்த உடம்பு மாதிரி சுடுகிறது.

தண்ணீரும் வந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எங்கள் கொல்லைக்குள் வந்துவிட்டது. சக்கரம் பாதி முழுகி ஒன்றரை நாள் நின்றது. சீட்டுக்கு வரவில்லையே என்று அப்போது நிம்மதியாக இருந்தோம். எர்த் வயரின் கீழ்முனை சக்கர அச்சுக்கும் தாழ்வாகத்தான் இருக்கிறது.

ராணிப்பேட்டை பழைய பட்டறை · சனி, மாலை 6.00

இனி செல்ஃப் அடிக்காதே. எர்த் வயரில் வழி கிடைக்காத கரன்ட் கேபிளின் இரும்புச் சுருள் வழியாகத் திரும்பப் போகிறது. அதனால்தான் சூடு, அதனால்தான் இறுக்கம். இன்னும் நாலு நாள் போனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ளும். மலைப்பாதையில் அப்படி ஆனால் என்ன கதி என்று யோசித்துப் பார்.

உன் வண்டிக்கு இது மற்ற வண்டிகளைவிட முக்கியம். தகரப் பாடி வண்டியில் பாடியே எர்த், நாலைந்து இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு இடம் விட்டாலும் இன்னொன்று தாங்கும். ஃபைபர் பாடியில் அந்தச் சலுகை இல்லை. மின்சாரம் வீடு திரும்ப அந்த ஒற்றை வயர்தான் வழி.

வயரைக் கழற்றி, உறையை நீளவாக்கில் கீறிப் பார்.

காட்பாடி மீட்டர் · சனி, மாலை 6.35

ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு உதவும். ஹெட்லைட், ப்ளோயர், பேட்டரி எல்லாம் சேர்த்து அந்த நேரத்தில் 30 ஆம்பியர் ஓடியது என்று வையுங்கள். 1.05-ஐ 30-ஆல் வகுத்தால் 0.035 ஓம். சாதாரண மீட்டரின் முனை வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். அதனால் ஓம் வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதே 0.035 ஓம் வழியாக செல்ஃப் 100 ஆம்பியர் இழுத்தால் 3.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு எட்டரைதான் மிச்சம். சோம்பலாகச் சுற்றாமல் என்ன செய்யும்? செல்ஃபைச் சோம்பலாக்கிய கோளாறும், வயரை ஒட்டிய பிறகும் சார்ஜைக் குறைத்த கோளாறும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருந்திருக்கின்றன.

விரிஞ்சிபுரம் மருமகன் · ஞாயிறு, இரவு 8.15

கழற்றினேன். கையில் வைத்து வளைத்தபோதே அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. பிளேடால் உறையைக் கீறினேன். கீழ்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு உள்ளே செம்பே இல்லை, முழுக்கப் பச்சைக் களிம்பு. உதறினால் பொடியாக உள்ளங்கையில் கொட்டியது. நடுவில் ஏழெட்டு இழை மட்டும் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்முனையில் போல்ட்டில் மாட்டும் லக் பளபளவென்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறேன்.

வேலூர் டவுனுக்குப் போய் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் அரை மீட்டர் வாங்கி, அங்கேயே இரண்டு பக்கமும் லக் வைத்து அழுத்திக்கொண்டு வந்தேன். சேஸிஸில் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். ஆக்சிலரேட்டர் கேபிளையும் புதிதாக மாற்றிவிட்டேன். ஆல்டர்னேட்டர் பெல்ட் பக்கவாட்டில் வெடித்திருந்தது, அதுவும் புதிது.

சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் கிளம்பியது. எல்லா விளக்கும் போட்டு பேட்டரியில் 14.1. எர்த் வழி இழப்பு 0.04. அக்கா, ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. டைனமோ மாற்றியிருந்தால் பணமும் போய், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

வாலாஜா டிரைவர் · ஞாயிறு, இரவு 8.50

படிக்கவே நிறைவாக இருக்கிறது தம்பி. மாமா வரும்வரை வண்டி நிற்கப்போகிறது, இல்லையா? எல்லாம் அணைத்த பிறகு பேட்டரியிலிருந்து எவ்வளவு கரன்ட் கசிகிறது என்றும் பார்த்துவிடு. சாவியை எடுத்து, கதவை மூடி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி நடுவில் சேர். இருபது நிமிஷம் விட்டுப் பார்க்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதே, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி.

விரிஞ்சிபுரம் மருமகன் · செவ்வாய், இரவு 9.05

90 மில்லிஆம்பியர் காட்டியது அண்ணா. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், மாமா பின்னாளில் போட்ட ஆடியோ செட் ஃபியூஸை எடுத்ததும் 20-க்கு இறங்கியது. யாரோ அதை சாவி வழியாகக் கொடுக்காமல் நேராக பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். வயரை மாற்றிவிட்டேன்.

காட்பாடி மீட்டர் · செவ்வாய், இரவு 9.30

90 என்றால் ஒரு நாளைக்கு இரண்டு ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் மேல். நிறைந்த 35 ஆம்பியர்-மணி பேட்டரியை ஏறக்குறைய பதினாறு நாளில் காலி செய்துவிடும். நம் வெயிலூர் மே மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள், பேட்டரி தானாகவும் வேகமாக இறங்கும். சூடு பத்து டிகிரி ஏறினால் தானாக இறங்குவது ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2020-இல் நிறுத்திய அன்றைக்கே நெகட்டிவைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றியிருந்தால் பழைய பேட்டரி இன்னும் சில வருஷம் வந்திருக்கும்.

விரிஞ்சிபுரம் மருமகன் · ஞாயிறு, இரவு 7.20

நேற்று பள்ளிகொண்டா வரை போய் வந்தேன். கிளம்பும்போது 14.3 இருந்தது, திரும்பி வரும்போது இன்ஜின் நன்றாகச் சூடேறி 13.9 காட்டியது. மறுபடி ஏதாவது ஆரம்பிக்கிறதா?

ராணிப்பேட்டை பழைய பட்டறை · திங்கள், காலை 6.10

இல்லை. சூட்டில் ரெகுலேட்டர் தானே கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். சூடான பேட்டரிக்கு அதிகம் ஏற்றினால் தண்ணீர் வற்றிப்போகும், அதற்காக வைத்த ஏற்பாடு. 13.8 வரை வந்தாலும் பயப்படாதே. பதினைந்தைத் தாண்டினால் மட்டும் உடனே நிறுத்து.

விரிஞ்சிபுரம் மருமகன் · தை 4, இரவு 10.10

மாமா வந்துவிட்டார். பன்னிரண்டு நாள் நின்ற பிறகு பேட்டரியில் 12.56 இருந்தது, சாவியை அவரிடமே கொடுத்தேன். இன்று விடியற்காலை ஏலகிரி போனோம். பதினான்கு வளைவும் பனியில் ஹெட்லைட் போட்டபடி ஏறினோம், சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. மேலே போய் நிறுத்தியதும் மாமா பேனட்டைத் திறக்கச் சொல்லி, அந்தப் புது எர்த் வயரைத் தொட்டுப் பார்த்தார். கேபிளையும் தொட்டார். இரண்டும் சில்லென்று இருந்தன. பழைய வயர்த் துண்டை ஷெட் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு.

ராணிப்பேட்டை பழைய பட்டறை · தை 5, காலை 6.00

சந்தோஷம் தம்பி. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். புது பெல்ட் முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை இழுத்துக் கட்டிவிடு.